புதுப்பிப்பு: பச்சை லேசர் மங்கியதற்குக் காரணம் தெரிந்தது

பிள்ளைகளுக்கு விண்மீன்களைக் காட்ட வைத்திருக்கும் என் பச்சை லேசர், புது பேட்டரி போட்டாலும் சில நிமிடங்களில் மங்குகிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பலித்தது, மீண்டும் மீண்டும் சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி போடச் சொன்ன யோசனைதான். நான் போட்டுவந்த சாதாரண அல்கலைன் ஏஏஏ பேட்டரி 1.5 வோல்ட், இது 1.2 தானே என்று முதலில் தயங்கினேன். மல்டிமீட்டரில் அளந்ததும் தயக்கம் போயிற்று: லேசர் எரியும்போது அல்கலைன் 1.1 வோல்ட்டுக்குச் சரிந்தது; நிக்கல் பேட்டரி 1.2ஐ விட்டு அசையவில்லை.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. மூடியின் ஸ்பிரிங்கில் பழைய பேட்டரி கசிந்து வெள்ளைப் பொடியாகப் படிந்திருந்தது. வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிட்டபின் ஒளி இன்னும் கூடியது.

அதே அளவுள்ள 10440 லித்தியம் அயன் பேட்டரியை நான் போடவில்லை, நீங்களும் போடாதீர்கள். முழு சார்ஜில் ஒன்று 4.2 வோல்ட். இரண்டு சேர்ந்தால் 3 வோல்ட் கருவிக்குள் 8.4 பாயும், டையோடு கருகிவிடும்.

குளிர்ந்த இரவுகளில் மட்டும் இன்னும் சற்று மங்குகிறது. அது பேட்டரியின் குறை அன்று. 532 நானோமீட்டர் அலைநீளமுள்ள இந்தப் பச்சை லேசரின் இயல்பு. சட்டைப்பையில் சிறிது நேரம் வைத்திருந்து எடுத்தால் சரியாகிவிடுகிறது.