அத்தை மகன் தியாக்கோன், அண்ணன் கல்யாணத்தை அவர் நடத்தி வைக்கக் கூடாதா?

காரைக்குடிப் பொண்ணு:
அண்ணன் கல்யாணம் ஆவணியில், இங்கே எங்கள் பங்குக் கோவிலில்தான். நாங்கள் லத்தீன் முறைக் கத்தோலிக்கர்கள், அண்ணி திருச்சூர், கேரளத்துக் கீழைக் கத்தோலிக்கச் சபையான சீரோ மலபார் சபை. எங்கள் அத்தை மகன் போன மாதம் திருத்தொண்டர் பட்டம், அதாவது குருப்பட்டத்துக்கு முந்தைய தியாக்கோன் பட்டம் வாங்கினார், அவர்தான் நடத்தி வைக்க வேண்டும் என்று அத்தை ஒற்றைக் காலில் நிற்கிறார்கள், பத்திரிகையிலும் அவர் பெயரைப் போட்டு அடித்தாயிற்று. கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கக் கொடுக்கப் போனால் எங்கள் பங்குச் சாமியார், "பெண் சீரோ மலபார் என்றால் தியாக்கோன் நடத்துவது செல்லாது" என்கிறார். போன வருஷம் பக்கத்துப் பங்கில் ஒரு தியாக்கோன் நடத்திய கல்யாணத்துக்கு நானே போய்ப் பந்தியில் சாப்பிட்டு வந்தேன். அது செல்லும், இது செல்லாதா?

செக்காலை ஆள்:
சாமியார் சொல்வது சரி. அங்கே இரண்டு பேரும் நம்மைப் போல லத்தீன் முறைக்காரர்களாக இருந்திருப்பார்கள். நம் முறையில் கல்யாணம் என்ற அருளடையாளத்தை ஒருவருக்கொருவர் கொடுப்பது மாப்பிள்ளையும் பெண்ணும்தான். சாமியார் இரண்டு சாட்சிகள் முன்னால் திருச்சபை பெயரால் சம்மதத்தைக் கேட்டு வாங்குகிறவர், அதனால் பங்குத்தந்தை டெலிகேஷன், அதாவது தன் சார்பில் நடத்தும் அதிகாரம், கொடுத்தால் தியாக்கோனும் அதைச் செய்யலாம். கீழைச் சபைகளில் குருவின் ஆசீர் இல்லாமல் கல்யாணமே ஆகாது. ஒருவர் லத்தீன், ஒருவர் கீழைச் சபை என்றாலும் குருதான் வேண்டும் என்று போப் பிரான்சிஸ் 2016இல் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1108ஆம் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார். உங்கள் அத்தை மகன் நற்செய்தி வாசிக்கட்டும், பிரசங்கம் வைக்கட்டும், யார் தடுக்கப் போகிறார்கள்?

தேவகோட்டை அண்ணாச்சி:
குருவாகவே இருந்தாலும் வெளியூர்க்காரர் சும்மா வந்து நடத்த முடியாது தங்கச்சி. என் கல்யாணத்துக்கு டெலிகேஷன் வாங்கியிருந்த சித்தப்பா சாமியாருக்கு வழியில் வண்டி நின்றுவிட்டது. தாலி தட்டில், வெள்ளைப் பணியாரம் அடுப்பில். "என் பெயரைச் சொல்லி இன்னொரு சாமியாரை நடத்தச் சொல்" என்று போன் செய்தார். அதுவும் ஆகாதாம், தனக்குக் கொடுத்ததை அவராக இன்னொருவருக்கு மாற்றிவிட முடியாது, பங்குத்தந்தைதான் புதிதாகக் கொடுக்க வேண்டும். அவரோ வேறு ஊரில். ஒரு கல்யாணத்துக்கு மட்டும் என்றால் எழுத்தில் வேண்டியதில்லை, வாயால் சொன்னால் போதும் என்பதால் போனிலேயே பிழைத்தோம்.

காரைக்குடிப் பொண்ணு:
அண்ணியின் பெரியப்பா திருச்சூரில் சாமியார். அவர் வரலாமா?

செக்காலை ஆள்:
தாராளமாக. அவருக்கும் உங்கள் பங்குத்தந்தைதான் கொடுக்க வேண்டும், முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

காரைக்குடிப் பொண்ணு:
சரி, கேட்கிறேன். பத்திரிகையில் பெயரை மறைக்க ஸ்டிக்கர் அடிக்கச் சொல்லியாயிற்று. அத்தைக்கு இன்னும் தெரியாது.