எக்கோவில் மீன் என்ன நிறம்?

குழு: நம்ம குடும்பம், குளச்சல்

மார்த்தாண்டம் அத்தை, இரவு 8.12
[படம்]
‘வானில் அதிசயம்! இன்று இரவு 12 மணிக்குத் தெற்குத் திசையில் இளஞ்சிவப்பும் நீலமுமாக ஒளி தோன்றும். வெறும் கண்ணால் பார்க்கலாம். பத்துப் பேருக்கு அனுப்பவும்.’
எல்லாரும் மறக்காமல் மொட்டை மாடிக்குப் போங்க பிள்ளைகளே.

நாகர்கோவில் மாமா, 8.15
அக்கா, போன தடவையும் இப்படித்தான் ஏதோ நட்சத்திரம் வெடிக்கும் என்று மாடியில் உட்கார வைத்தாய். கொசுக்கடிதான் மிச்சம்.

ஜெனி, 8.21
அத்தை, படம் உண்மை, கீழே எழுதியிருப்பதுதான் புளுகு. இது புல்லட் கிளஸ்டர் என்கிற கேலக்ஸிக் கூட்டம் (கேலக்ஸி என்றால் கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த மண்டலம்), சுமார் 380 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது, வெறும் கண்ணால் எந்த ஜென்மத்திலும் பார்க்க முடியாது. 2025-இல் நாசா வெளியிட்டது. ஒரே கேமராவில் எடுத்ததும் இல்லை. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அகச்சிவப்பில் எடுத்த கேலக்ஸிகள் ஒரு அடுக்கு, சந்திரா தொலைநோக்கி எக்ஸ்ரேயில் எடுத்த சூடான வாயு அதன் மேல் இன்னொரு அடுக்கு, அதுதான் இளஞ்சிவப்பு. நீலம் தனிக்கதை, அப்புறம் சொல்கிறேன்.

மஸ்கட் அண்ணன், 8.24
அப்போ கலர் எல்லாம் இவர்களே பூசியதா? கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளைக்குப் பின்னால் சுவிட்சர்லாந்து மலையை வைப்பது மாதிரி 😄

ஜெனி, 8.26
இல்லண்ணா, அங்கே இல்லாத மலையை ஒட்டவில்லை. எக்ஸ்ரே நம் கண்ணுக்குத் தெரியாது, அதற்கென்று ஒரு நிறமும் கிடையாது. ஆனால் எங்கே அதிகம் வந்தது, எங்கே குறைவு என்று கருவி அளந்திருக்கிறது. அந்த அளவுக்குத்தான் நிறம் கொடுத்திருக்கிறார்கள்.

மஸ்கட் அண்ணன், 8.27
பூசியதுதானே மக்கா, அதைத்தான் நானும் சொன்னேன்.

சித்தப்பா, 8.33
லே, நம்ம வள்ளத்தில் மீன் தேடுகிற எக்கோ கருவி பார்த்திருக்கியா நீ? கீழே மீன் அடர்த்தியாகக் கிடந்தால் திரையில் சிவப்பாகக் காட்டும், கொஞ்சமாக இருந்தால் நீலம். கடலுக்குள்ளே சாளை சிவப்பாகவா நீந்துது? சிவப்பு பொய் என்று வலையைப் போடாமல் திரும்பி வந்தால் உன் சித்தி என்னை வீட்டுக்குள் விடுவாளா?

ஜெனி, 8.34
சித்தப்பா 🙏🙏 நான் எங்கள் வகுப்பில் அரை மணி நேரம் சொல்லிப் புரிய வைக்க முடியாததை ஒரே மெசேஜில் முடித்துவிட்டீர்கள்.

நாகர்கோவில் மாமா, 8.36
கொள்ளாம். அந்த நீலம்?

ஜெனி, 8.44
அதை எந்தத் தொலைநோக்கியும் நேராகப் பார்க்கவில்லை மாமா, கணக்குப் போட்டு வரைந்தது. கண்ணாடித் தம்ளரின் அடிப்பாகம் வழியாகப் பேப்பரைப் பார்த்தால் எழுத்து நெளியும் இல்லையா, அதுபோல இந்தக் கூட்டத்தின் எடை, அதற்குப் பின்னால் இருக்கிற கேலக்ஸிகளின் ஒளியை வளைக்கிறது, அவை இழுபட்டு, வில் மாதிரி வளைந்து தெரிகின்றன. எவ்வளவு வளைகிறது என்பதை வைத்து எடை எங்கே இருக்கிறது என்று பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். அந்த எடைதான் படத்தில் நீலம். இங்கேதான் விஷயமே இருக்கிறது. இது ஒரு கூட்டம் இல்லை, இரண்டு கூட்டங்கள் மோதி ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வெளியே வந்தது. கேலக்ஸிகளுக்கு நடுவே ஏகப்பட்ட இடம், அதனால் அவை பாட்டுக்குக் கடந்து போய்விட்டன. வாயு மட்டும் ஒன்றோடொன்று முட்டி, பல கோடி டிகிரி சூடாகி, நடுவிலேயே பின்தங்கிவிட்டது. நமக்குத் தெரிந்த சாதாரணப் பொருளில் பெரும்பங்கு அந்த வாயுதான், அதனால் எடையும் அங்கேதான் இருக்க வேண்டும். இருக்கவில்லை! கேலக்ஸிகள் போன பக்கமே எடையும் போயிருந்தது. 2006-இல் இதைத்தான் கரும்பொருளுக்கு, அதாவது எடை இருந்தும் கண்ணுக்குத் தெரியாத பொருளுக்கு, நேரடிச் சான்று என்று அறிவித்தார்கள்.

சித்தப்பா, 8.47
கடலுக்கு அடியில் பார் (பாறை) கிடப்பதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. வலை கிழிந்தால் தெரியும்.

நாகர்கோவில் மாமா, 8.49
அதற்காகக் கணக்கை எல்லாம் அப்படியே நம்பிவிட முடியுமா? அந்தக் கரும்பொருள் என்னதான்?

ஜெனி, 8.50
அது என்ன பொருள் என்று இன்னும் யாருக்கும் தெரியாது மாமா. கண்டுபிடித்தால் நோபல்.

மார்த்தாண்டம் அத்தை, 8.52
நீங்கள் பேசுவதில் பாதி எனக்கு ஏறவில்லை. சந்திரா என்றாயே, அது யார் பெண் பெயர்?

ஜெனி, 8.55
பெண் பெயர் இல்லை அத்தை 😀 சுப்பிரமணியன் சந்திரசேகர், தமிழ்க் குடும்பம், சர் சி.வி. ராமனுக்கு அண்ணன் மகன். பிறந்தது லாகூர், படித்தது சென்னை மாநிலக் கல்லூரி, 1983-இல் நோபல் வாங்கினார். 1999-இல் அனுப்பிய தொலைநோக்கிக்கு அவர் பெயரைத்தான் சுருக்கி வைத்தார்கள். எக்ஸ்ரேயைக் காற்றுமண்டலம் தடுத்துவிடும், அதனால்தான் அதை மேலே அனுப்ப வேண்டியிருந்தது.

மார்த்தாண்டம் அத்தை, 8.56
நம்ம ஆளா! சரி, மாடிக்குப் போனால் ஒன்றுமே தெரியாதா?

ஜெனி, 9.01
இடம் தெரியும். பிப்ரவரியில் 12 மணிக்குப் போனால் அது மேற்கே சாய்ந்திருக்கும், இப்போதே போங்க. தெற்கே பார்த்து நின்றால் பளிச்சென்று ஒரு நட்சத்திரம் இருக்கும், அகத்தியர் நட்சத்திரம். கையை நீட்டி மூன்று விரலைச் சேர்த்துப் பிடியுங்கள். அந்த நட்சத்திரத்திலிருந்து ஏறக்குறைய அவ்வளவு தள்ளி, இடப்பக்கம் கீழே, அங்கேதான் புல்லட் கிளஸ்டர். டெல்லிக்காரர்களுக்கு அந்த இடம் அடிவானத்தோடு ஒட்டிக் கிடக்கும், நமக்குக் கடலுக்கு மேலே நன்றாக எழும்பி நிற்கும்.

சித்தப்பா, 9.03
அகத்தியரை எனக்குத் தெரியும். விடியற்காலை ஒன்றரைக்கு வள்ளம் இறக்கணும், நான் படுக்கிறேன்.

மார்த்தாண்டம் அத்தை, 9.14
பார்த்தேன்! அகத்தியர் நல்லா மின்னுகிறார். கீழே இடப்பக்கம் கருப்பாக இருக்கிறது.

ஜெனி, 9.15
அதேதான் அத்தை.

மார்த்தாண்டம் அத்தை, 9.17
அது சரி, நான் ஏற்கனவே பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டேனே, சர்ச் அன்பியக் குழுவிலும் போட்டாச்சு. 12 மணிக்கு எழும்பி நிற்பார்கள் மக்ளே, என்ன செய்ய?