வீட்டோடு இருக்கும் பெரியவர்களுக்கு வாசல்வரை வரும் உதவி: உங்கள் ஊரில் எப்படி?

மன்னார்குடி மருமகள்:

மாமியாருக்கு 78 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. பக்கவாதம் வந்து இடது கை இன்னும் சரியாக விளங்கவில்லை. நாங்கள் திருப்பூரில் இருக்கிறோம். அவரோ ஊரைவிட்டு நகரமாட்டேன் என்கிறார். அங்கே அவரைப் பார்த்துக்கொள்வது, உண்மையைச் சொன்னால், தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம்தான். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியபோது, மாத்திரை கொடுக்க வீடு வீடாக ஆளா என்று எங்கள் வீட்டிலேயே கிண்டல் செய்தார்கள்.

வருகிறவர் அதே ஊர் மகளிர் குழுப் பெண். திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்ப்பார், விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார், போனில் பதிவு செய்வார். அப்புறம், "பழைய அட்டைய எடுங்க அத்தை" என்பார். அதில் மாத்திரை மீந்திருந்தால் அன்றைக்குக் கச்சேரிதான். என்னிடம் போனில் "போட்டாச்சு, போட்டாச்சு" என்று சமாளிக்கும் மாமியார் அவரிடம் மட்டும் மாட்டிக்கொள்வார். பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கே வந்து கைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். ஆனால் வட்டாரத்துக்கே அவர் ஒருவர்தான். எத்தனை வீட்டுக்குத்தான் போவார்?

2024-இல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. விருது கிடைத்தது. சந்தோஷம். பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடக்கிற அந்தப் பெண்ணுக்குக் கிடைப்பது இன்னும் ஊக்கத்தொகைதான், சம்பளம் இல்லை. அவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் என் கவலை. மற்றவர்கள் ஊரில் எப்படி?

ஆலங்குளம் பேரன்:

எங்கள் ஆச்சிக்கு ரேஷன்தான் பெரிய பாடு. வாழ்நாள் பூராவும் பீடி சுற்றிய கை, ரேகையே கிடையாது. தேங்காய் எண்ணெய் தடவுவாள், சேலையில் துடைப்பாள், ஒவ்வொரு விரலாக வைப்பாள், மெஷின் மசியாது. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்ததும் 70 தாண்டியவர்களுக்கு மாதத்தின் இரண்டாவது சனி, ஞாயிறில் வீட்டுக்கே பொருள் என்றார்கள். வண்டி வந்தது, தராசும் மெஷினும் அதிலேயே இருந்தன. ஆனால் தெருமுக்கோடு நின்றுவிட்டது. அரிசியைத் தூக்கி வந்து அடுக்களையில் வைத்தது பக்கத்து வீட்டுப் பையன். அதற்கடுத்த மாதம் நான் லீவில் போயிருந்தபோது கொஞ்சம் சத்தம் போட்ட பிறகு வாசல்வரை வந்தார்கள். ரேகைத் தகராறு மட்டும் தொடர்கிறது. ஆச்சிக்கு அதில் ஒரு பெருமை வேறு: "எங்கையெழுத்த எவனும் திருட முடியாதுல்லா!"

சிவகங்கையிலிருந்து:

பென்ஷன் கதையைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 1962-இல் மாதம் 20 ரூபாயோடு ஆரம்பித்த முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,200 ஆனது. இதில் மத்திய அரசின் பங்கு 80 வயதுவரை 200 ரூபாய், அதற்கு மேல் 500. பல வருடங்களாக அதே 200தான். அந்த 200 ரூபாயில் ஒரு டீ, ஒரு வடை என்று தினமும் சாப்பிட்டாலே மாதக் கடைசிக்குத் தாங்காது.

எங்கள் அப்பத்தாவுக்கு இடையில் பணம் நின்றுபோனது. காரணம் கேட்டால், மகன் இருக்கிறாராமே, அப்புறம் எப்படி ஆதரவற்றவர் என்றார்கள். மகன் இருக்கிறார், சரிதான். அவரும் 62 வயதில் முட்டிவலியோடு வாட்ச்மேன் வேலை பார்க்கிறார். மனு மேல் மனு எழுதித்தான் திரும்ப வந்தது. வீட்டுக்கே பணம் கொண்டுவந்து கொடுக்கிறவருக்கு ஒவ்வொரு மாதமும் 'டீச் செலவு' தனி. அப்பத்தா அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "அந்தப் புள்ளையாச்சும் மாசம் ஒருக்கா வந்து உக்காந்து பேசுது" என்கிறார்.

கொழிஞ்சாம்பாறை தமிழன்:

நாங்கள் பாலக்காடு மாவட்டத்துத் தமிழர்கள், அதனால் இந்தப் பக்கத்துக் கதை. கேரளாவில் 2008-இலேயே வலி நிவாரணப் பராமரிப்புக்குத் தனிக் கொள்கை கொண்டுவந்துவிட்டார்கள். பஞ்சாயத்துகள் தங்கள் திட்ட நிதியிலிருந்தே வீட்டுப் பராமரிப்புக்கு ஒதுக்குகின்றன. எங்கள் அப்பா படுக்கையில் இருந்த காலத்தில் நர்ஸ் ஜீப்பில் வருவார், கூடவே ‘ஆஷா’ என்ற ஊர்ச் சுகாதாரப் பணியாளரும். சிறுநீர்க் குழாய் மாற்றி, முதுகுப் புண்ணைத் துடைத்துக் கட்டி, புரட்டிப் படுக்கவைப்பது எப்படி என்று அம்மாவுக்கும் காட்டிக் கொடுத்தார். காற்று மெத்தையும் அவர்களே தந்தார்கள்.

ரொம்பப் புகழவும் வேண்டாம். பஞ்சாயத்துக்குப் பஞ்சாயத்து தரம் மாறும். அரசுப் பணம் தாமதமானால் வண்டி ஓடாது. ஆனால் ஒரு விஷயம் பிடித்திருந்தது. நர்ஸ் வரவில்லை என்றால் யாரைக் கேட்பது என்று எங்களுக்குத் தெரியும். வார்டு மெம்பரை டீக்கடையில் பிடித்துவிடலாம். திருவனந்தபுரம்வரை போக வேண்டியதில்லை.

மாம்பலம் மாடிவீடு:

எல்லாரும் மாத்திரை, அரிசி, பணம் என்று பேசுகிறீர்கள். எங்கள் வீட்டுப் பிரச்சினை பாத்ரூம். அப்பாவுக்கு 82. ஈரத்தரையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. 70 தாண்டியவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஆண்டுக்கு 5 லட்சம்வரை சிகிச்சைச் செலவு தரும் திட்டத்தை 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. நல்லதுதான். ஆனால் அது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். விழாமல் இருக்கச் சுவரில் ஒரு பிடிகம்பி, வழுக்காத ஓடு, உயரமான கழிப்பறைக் கோப்பை, இதற்கெல்லாம் யாரிடம் போய் நிற்பது? வாக்கர், ஊன்றுகோல் தருகிற மத்திய அரசுத் திட்டம் ஒன்று 2017 முதல் இருக்கிறது. அது வருமானம் குறைந்தவர்களுக்கு, அதுவும் முகாம் போட்டுக் கொடுப்பது. நடக்க முடியாதவரை முகாமுக்கு எப்படிக் கூட்டிப்போவது என்று யோசித்தார்களா தெரியவில்லை.

குளிப்பாட்ட ஆள் கேட்டு ஏஜென்சிக்குப் போனேன். காலையில் இரண்டு மணி நேரம் வந்தால் போதும் என்றேன். முழுநாள் ஆள்தான், மாதம் 25,000 என்றார்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் எந்தத் திட்டத்திலும் காசு இல்லை. நாங்கள் எப்படியோ கொடுக்கிறோம். முடியாத வீட்டில் மருமகளோ மகளோ வேலையை விடுகிறாள். அந்த இழப்பை யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை.

மன்னார்குடி மருமகள்:

மாம்பலம், நீங்கள் சொல்வதுதான் எங்கள் வீட்டிலும். மாமியாரைக் குளிக்க வைப்பது எதிர்வீட்டு அக்கா. மாதம் ஏதோ கொடுக்கிறோம். அவருக்கே 60 ஆகிறது.

கொழிஞ்சாம்பாறை, ஒரு சந்தேகம். காற்று மெத்தை மாதிரிப் பொருட்களைப் பஞ்சாயத்தே வாங்கி வைத்து இரவல் கொடுக்கலாம் என்று எங்கள் கிராம சபையில் தீர்மானம் கேட்கலாமா? நவம்பர் 1-ஆம் தேதிக் கூட்டத்துக்கு ஊருக்குப் போகிறேன். மனு எழுதத் தெரிந்த சிவகங்கைக்காரர் ஒரு நகல் அனுப்பினால் புண்ணியம்.

சிவகங்கையிலிருந்து:

அனுப்புகிறேன். பெரியவர்கள் பெயர், வயது, வார்டு எண் எழுதிய பட்டியலையும் கையோடு கொண்டுபோங்கள். பட்டியல் இல்லாவிட்டால் "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.