113 புளியங்கொட்டை: வீட்டுப் போக்கரில சிப்ஸ் காணாமல் போன கதை உங்களிட்டயும் இருந்தால் போடுங்கோ

உவர்மலைக்காரன்

காசுக்கு வீட்டில போக்கர் விளையாடுற ஆக்களுக்குத்தான் இது விளங்கும். மூண்டு வருசமாச்சு, இன்னும் மனசில கிடந்து அரிக்குது, அதால எழுதுறன்.

என்னட்ட இருந்தது 200 சிப்ஸ் பெட்டி, காசுக்குப் பதிலா மேசையில வைக்கிற வட்ட வில்லையள். நாலு நிறம், நிறத்துக்கு 50. பிளைண்ட், அதாவது காட்ஸ் போட முதலே ரெண்டு பேர் கட்டாயம் வைக்கிற சின்ன, பெரிய பந்தயம், 10/20. ஆளுக்கு 2000 ரூபா. ஆறு பேருக்குக் காணும் எண்டிருந்தன், அண்டைக்கு எட்டுப் பேர் வந்திட்டினம். வெள்ளைதான் 10 ரூபா. 50 வெள்ளையை எட்டுப் பேருக்குப் பிரிச்சால் ஆளுக்கு ஆறு. ஆறு வெள்ளை எந்த மூலைக்கு? ரெண்டு சுத்து முடிய முதலே எல்லா வெள்ளையும் ஒருத்தனுக்கு முன்னால குவிஞ்சு போச்சு. பிறகு ஒவ்வொரு கைக்கும் “10 இருக்கே, 50க்குச் சில்லறை ஆரிட்ட?” எண்டு பஸ் கொண்டக்டர் மாதிரிக் கத்தல்தான்.

மனிசி அந்தக் கிழமை புளி உடைச்சவ. கொட்டை பின் விறாந்தையில சுளகோட கிடந்தது. ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தன். ஆளுக்கு 10 கொட்டை, அதுக்கு 100 ரூபாச் சிப் ஒண்டு என்னட்டத் திரும்பத் தரவேணும். எல்லாமா 80 கொட்டை. எல்லாருக்கும் பெரிய புளுகம், ஆட்டமும் நல்லா ஓடினது.

ராத்திரி ஒண்டரைக்குக் கணக்கு முடிக்கிறம். நான்தான் பாங்க், காசு பிஸ்கட் ரின்னுக்குள்ள. எல்லாருக்கும் குடுத்திட்டு என்ர பங்கை எடுக்கேக்க 330 ரூபா குறையுது. கொட்டையை எண்ணினன். 113.

ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. ஆனால் எல்லாற்ற கண்ணும் ஒரே ஆளிட்டப் போனது. அவன் அண்டைக்கு மூண்டு தரம் பின்பக்கம் கக்கூசுக்குப் போனவன், சுளகைத் தாண்டித்தான் போகவேணும். அவன் என்னைத்தான் பாத்தான். சேட்டுப் பொக்கற்றுக்குள்ள இருந்து 500 ரூபா நோட்டை எடுத்து, பிளேன்ரீ குடிச்ச கிளாசுக்குக் கீழ வைச்சு, “மிச்சம் வேண்டாம்” எண்டான். பிள்ளையள் நித்திரை எண்டு மோட்டச்சைக்கிளை ஸ்டார்ட் பண்ணாமல் ரோட்டு மட்டும் உருட்டிக்கொண்டு போனான்.

அதுக்குப் பிறகு வரேல்லை. பள்ளிக்கூடத்தில இருந்து பழக்கம். 330 ரூபா, ஒரு கொத்துரொட்டிக் காசு இல்லை. அவனுக்குச் சீனி வருத்தம், மூண்டு தரம் போறது ஒரு புதினமே? அது அடுத்த நாள் காலமைதான் எனக்கு மண்டையில ஏறினது.

வெந்நீர்க்கிணறு_7

சிப்ஸ் எண்டதும் மரவள்ளியாக்கும் எண்டு ஓடி வந்தன். வாசிச்சுப் போட்டு ஒரு மாதிரிப் போச்சு. அண்ணை, அவரைப் போய்ப் பாருங்கோ.

நிலாவெளி_நண்டு

உங்களுக்குக் குறைஞ்சு வந்த வில்லங்கம், எனக்குக் கூடி வந்தது. சில்லறைக்கு அலையக்கூடாது எண்டு 10 ரூபாவில மட்டும் 300 சிப்ஸ் வாங்கினன். ஆறு பேருக்கு ஆளுக்கு 50. நிலாவெளியில ஒரு கபானா எடுத்து விளையாடினம், மணல்தான் நிலம். ஒவ்வொருத்தனுக்கும் முன்னால கோயில் கோபுரம் மாதிரி அடுக்கு. 380 ரூபா போடுறதுக்கு 38 சிப்பை ஒண்டொண்டா எண்ணித் தள்ளுறான். மற்றவன் நம்பாமல் திரும்ப எண்ணுறான். ஒரு கை முடிய ஒரு சிகரெட் முடியும்.

பதினொரு மணி போல ஒருத்தன் ஓல் இன், இருக்கிற எல்லாத்தையும் வைக்கிறன் எண்டு ரெண்டு கையாலயும் தள்ளினான். மேசையில இருந்த முழுக் கோபுரமும் மணலுக்குள்ள. ஆற்றை எது எண்டு ஆருக்குத் தெரியும்? ஃபோன் லைற் அடிச்சு, முழங்காலில நிண்டு, சோறு கிண்டுற மாதிரி மணலைக் கிண்டினம். கை ரத்து, ஆட்டமும் ரத்து. காலமை பல்லு மினுக்கப் போகேக்க பாத்தன், நண்டு வளை வாசலில ஒரு வெள்ளைச் சிப், பக்கத்தில நண்டு காவல். அதை எடுக்க மனம் வரேல்லை. என்ர பேருக்குக் காரணம் இதுதான்.

சின்னச் சிப்பைக் குவிக்காதேங்கோ. 50 வெள்ளை காணாதுதான், ஆனால் 300 விசர் வேலை.

மூண்டாங்கட்டை

எத்தினை, எத்தினை எண்டு அடிபடுறீங்கள். நிறத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை.

2022 பங்குனிக் கடைசி, ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நேரம். ஃபானும் இல்லை, வெளியால காத்தும் இல்லை, காட்ஸ் விளையாடாமல் வேறென்ன செய்யிறது. எங்கட பெட்டியில நீலம் 100, கறுப்பு 500. பகலில நல்ல வித்தியாசம், மெழுகுதிரியில ரெண்டும் ஒண்டு. நான் 100 எண்டு நினைச்சு ஒரு சிப்பை எறிஞ்சன். எதிர்ப்பக்கம் இருந்தவன் அதைத் தூக்கி “500, நான் வாறன்” எண்டான்.

இல்லை நீலம் எண்டு நான். கறுப்பு எண்டு அவன். சிப்பை நெருப்புக்குக் கிட்டப் பிடிச்சன். இன்னும் கொஞ்சம் கிட்ட. விளிம்பு சுருண்டு மணம் வந்த பிறகுதான் கையை இழுத்தன். கறுப்புத்தான். நெருப்பில காட்டினால் பிறகென்ன வெள்ளையாவே வரும் எண்டு அவன் இண்டைக்கும் பகிடி பண்ணுவான். 500 போனது போனதுதான், கையில ஒரு ஒன்பதுச் சோடி மட்டும்.

அந்தக் கருகின சிப் இப்பவும் பெட்டிக்குள்ள கிடக்கு. கறுப்பெல்லாத்துக்கும் பிறகு பிளாஸ்ரர் ஒட்டினன், தடவிப் பாத்தாலே தெரியும்.

பேரேடு

நான் ஓய்வுபெற்ற வங்கி ஊழியன். என் அனுபவம் சிறியது: ஒரு முறை 200 ரூபாய் கணக்கில் பிசகியது, கதிரை மடிப்புக்குள் இரண்டு சிப்ஸ் கிடந்தன, முடிந்தது. ஆனால் மேலே எழுதியவற்றைப் படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை.

காசு ஆட்டத்தில் சிப் என்பது காசுதான். வெல்பவருக்குக் கேடயம் கொடுக்கும் போட்டி ஆட்டத்தில் ஒரு சிப் தொலைந்தால் சிப்தான் தொலையும். இங்கே பெட்டியில் பணம் குறையும். ஆகவே முதல் விதி, எந்தக் குசினியிலும் கிடைக்கும் பொருளைச் சிப்பாக வைக்கக் கூடாது. உவர்மலைத் தம்பி செய்தது வீட்டிலேயே நோட்டு அச்சடித்த வேலை.

இரண்டாவது, பிளைண்ட் 10/20 என்பதையே மாற்றுங்கள். 20/40 வைத்தால் சிப்ஸ் 20, 100, 500 என்று போகும். ஒவ்வொன்றும் முந்தியதன் 5 மடங்கு, மூன்றும் நாம் தினமும் கையாளும் நோட்டுகள், கண் தானாகவே கூட்டிக்கொள்ளும். வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிகளில் 1, 5, 25, 100 என்று அச்சிட்டிருக்கும். 25ஆல் பெருக்கி அந்த நேரத்தில் எவர் கணக்குப் பார்ப்பது? இலக்கம் அச்சிடாததையே வாங்குங்கள், விலையை நாமே வைக்கலாம்.

500 சிப்ஸ் பெட்டி பெரும்பாலும் 150, 150, 100, 50, 50 என்று வரும். எட்டுப் பேர், ஆளுக்கு 4000 ரூபாய், அதாவது பெரிய பிளைண்டின் 100 மடங்கு என்று வைப்போம். ஆளுக்கு 20 ரூபாயில் 15, 100 ரூபாயில் 17, 500 ரூபாயில் 4. கூட்டிப் பாருங்கள், 300, 1700, 2000. ஆளுக்கு 36 சிப்ஸ், கோபுரமும் இல்லை, சில்லறைப் பஞ்சமும் இல்லை. மேசைக்கு 120, 136, 32 போகும். 500 ரூபாய் நிறத்தில் 68 மிஞ்சும். தோற்றவர் திரும்ப வாங்கும்போது அதில் எட்டு எட்டாகக் கொடுங்கள், எட்டுத் தடவைக்குத் தாராளம். அவருக்குச் சில்லறை பக்கத்தில் இருப்பவரிடம் கிடைக்கும். சின்னச் சிப் மேசையை விட்டு எங்கும் போவதில்லை, கைதான் மாறும். பலர் தவறுவது இங்கேதான். ஒவ்வொரு தடவையும் சின்னதிலேயே அள்ளிக் கொடுத்து நிலாவெளிக்காரர் நிலைக்கு வருவார்கள்.

மூன்றாவது, கொப்பி. யார், எத்தனை மணி, எவ்வளவு. பாங்காக இருப்பவர் தன் சொந்த அடுக்கையும் பாங்கின் சிப்ஸையும் ஒரே பக்கத்தில் வைக்கவே கூடாது.

தம்பியிடம் ஒரு கேள்வி. அந்த 80க்குப் பிறகு நீங்கள் மறுபடியும் கொட்டை கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால், அதற்குரிய 100 ரூபாய்ச் சிப்பை ஒவ்வொரு முறையும் வாங்கினீர்களா?

கடற்கரை_வீதிக்காரி

பேரேடு ஐயா, வணக்கம். ஆளுக்கு 4000 எண்டு லேசாச் சொல்லிப் போட்டீங்கள். எங்கட செற்றில நாலு பேர் ரீச்சர்மார். மாதக் கடைசியில 4000 ஓட வீட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்பி வர வீடு இருக்காது. 20/40 நல்லது, ஆனால் நாங்கள் 2000தான் வைப்பம். 20 ரூபாவில 15, 100 ரூபாவில 12, 500 ஒண்டு. அதுவும் சரியா வருது, போட்டுப் பாத்திட்டன்.

என்ர கதை. அண்ணா கனடாவில இருந்து 500 சிப்ஸ் கொண்டு வந்தவர், அலுமினியப் பெட்டியோட. சிப் ஒண்டு பதினொண்டரைக் கிராம், சிப்ஸ் மட்டும் ஐஞ்சே முக்கால் கிலோ. அம்மா கேட்ட சட்டி அதால வரேல்லை. அவர் பெட்டியை ஹோலில வைச்சிட்டுக் குளிக்கப் போனவர். அம்மா தூக்கிப் பாத்திருக்கிறா. பாரம், பூட்டு வேற. நகை எண்டு நினைச்சு ஆரும் எடுக்க முதல் சாமி அறைக்குள்ள கொண்டுபோய் வைச்சிட்டா.

வெள்ளிக்கிழமை விளக்கேத்தேக்க ஆசை தாங்காமல் அண்ணாட்டத் திறப்பு வாங்கித் திறந்தா. நான் கதவடியில நிண்டனான். பத்திரகாளியம்மன் படத்துக்கு முன்னால அஞ்சு நிறத்தில சிப்ஸ், நடுவில ரெண்டு கூட்டம் காட்ஸ், எல்லாத்துக்கும் மேல விபூதி. அம்மா கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டா. பிறகு ஒரு பச்சையை எடுத்து விரலால தட்டிப் பாத்து, “இது தங்கமில்லைத்தானே?” எண்டா. அந்தக் குரலை இண்டைக்கும் மறக்கேலாது.

இப்ப அம்மாவும் எங்களோட இருந்து விளையாடுறா. 304 எண்ட காட்ஸ் விளையாட்டு விளையாடி வளந்த மனிசி, பொய்க்குக் கூட்டி எங்களை ஓட வைக்கிறதில கெட்டிக்காரி.

நிலாவெளி_நண்டு

பேரேடு ஐயா, என்ர நிலை எண்டு நக்கல் அடிக்கிறீங்கள், சரி. ஆனால் 15 சின்னச் சிப் காணாது. எங்கட ஆக்கள் 20, 40 எண்டு சுரண்டிச் சுரண்டி விளையாடுற ஆக்கள். 20 வேணும்.

பேரேடு

20 கொடுத்தால் எட்டுப் பேருக்கு 160. பெட்டியில் 150தான்.

நிலாவெளி_நண்டு

ஏழு பேரோட விளையாடுவன்.

உவர்மலைக்காரன்

ரெண்டு நாளா இந்தப் பக்கம் வரேல்லை. பேரேடு ஐயா கேட்ட கேள்விக்கு உடன பதில் எழுதேலாமல் இருந்தது.

ஓம். ரெண்டாவது தரமும் சுளகிட்டப் போனனான். நல்லா ஞாபகம் இருக்கு, ஏனெண்டால் இருட்டில சுளகில கால் தடக்கி மனிசி உள்ளுக்க இருந்து சத்தம் போட்டவ. அள்ளிக்கொண்டு வந்து என்ர அடுக்குக்குப் பக்கத்தில வைச்சன். கேட்ட ஆக்களுக்குக் குடுத்தன். 100 ரூபாச் சிப் வாங்கினனோ இல்லையோ, சத்தியமாச் சொல்லேலாது. அந்த நேரம் எனக்கு ராசாச் சோடி வந்திருந்தது, கண் முழுக்க அதிலதான்.

என்ர அடுக்கில சேர்ந்திருக்கவும் கூடும்.

அந்த 500 ரூபா நோட்டை நான் செலவழிக்கேல்லை, ரின்னுக்குள்ளயே கிடக்கு. ஞாயிற்றுக்கிழமை பாலையூத்துப் பக்கம் அவன்ர வீட்ட போகலாம் எண்டு யோசிக்கிறன். மிச்சம் 170ஐ எண்டாலும் குடுக்கோணும்.

பேரேடு

170 இல்லைத் தம்பி. 500.

மூண்டாங்கட்டை

இலக்கம் இல்லாத வெள்ளைச் சிப் மட்டும் 50 தனியா டவுனில எங்கயும் எடுக்கேலுமோ? போன கிழமை ஒரு விளையாட்டுச் சாமான் கடையில கேட்டன், கரம் காயைக் காட்டுறாங்கள்.