காக்ஸ்-2 ஏறுகிறது, பி.ஜி.டி.எச். இறங்க மாட்டேன் என்கிறது

வணக்கம். செல் வளர்ப்பு செய்கிறவர்கள், மகப்பேறு ஆய்வில் இருப்பவர்கள் யாராவது கொஞ்சம் கை கொடுங்கள்.

பிரசவ வலி தொடங்கும் முன்பே சிசேரியன் ஆன தாய்மாரின் ஒப்புதலோடு, 39 வாரக் கருச்சவ்வுகளை (உள்ளடுக்கு அம்னியான், வெளியடுக்கு கோரியான்) வாங்கி செல்களைப் பிரித்து வளர்க்கிறேன். அழற்சியைத் தூண்ட இன்டர்லூக்கின்-1 பீட்டா, மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம். அம்னியான் ஃபைப்ரோபிளாஸ்டில் (இணைப்புத் திசு செல்லில்) எல்லாம் படித்தபடியே நடக்கிறது: அழற்சி மரபணுக்களை முடுக்கும் என்.எஃப். கப்பா-பி புரதம் உட்கருவுக்குள் போகிறது, புரோஸ்டாகிளாண்டினை உருவாக்கும் காக்ஸ்-2 நொதி ஏறுகிறது, கூடவே கருப்பைத் தசையைச் சுருங்கவைக்கும் புரோஸ்டாகிளாண்டின் இ2-வும்.

சிக்கல் கோரியானில்தான். புரோஸ்டாகிளாண்டின் கருப்பைத் தசைக்குப் போய்ச் சேராமல் வழியிலேயே சிதைக்கும் பி.ஜி.டி.எச். நொதி அங்கேதான் நிறைய உண்டு. அழற்சி வந்தால் அது குறைய வேண்டும். எனக்கோ அதன் எம்.ஆர்.என்.ஏ. லேசாகக் குறைகிறது, ஆனால் 24 மணி நேரம் கழித்தும் புரத அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் அதே பட்டை, அதே அடர்த்தி. மூன்று தாய்மாரின் திசுவிலும் இதே கதை. ஆன்டிபாடியையும் மாற்றிப் பார்த்துவிட்டேன்.

என் சந்தேகம் வளர்ப்பு ஊடகத்தில் சேர்க்கும் சீரத்தின் மேல். கார்டிசால் ஹார்மோனும் கோரியானில் இந்த பி.ஜி.டி.எச். நொதியைக் குறைக்கும். (பல திசுக்களில் காக்ஸ்-2-ஐ அடக்கும் அதே கார்டிசால், அம்னியான் ஃபைப்ரோபிளாஸ்டில் அதை ஏற்றிவிடும். விசித்திரமான ஆள்!) சாதாரண சீரத்தில் இருக்கும் கார்டிசாலே பி.ஜி.டி.எச்.-ஐ முன்கூட்டிக் குறைத்துவிட்டதோ, அதனால்தான் மேலும் இறங்கவில்லையோ? கரியால் ஹார்மோன் நீக்கிய சீரத்துக்கு மாறலாமா, இல்லை 48 மணி நேரம் காத்திருந்து பார்க்கலாமா? அளவைவிட நொதியின் செயல்பாட்டையே அளப்பது மேலா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.