இலங்கை வானொலியின் பொற்காலம்: பாடல்கள் கைக்கு வந்த பிறகும் ஏக்கம் ஏன்?

புதுநேயர் (கேள்வி)

வணக்கம். தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்த பலரிடம் வானொலி என்ற பேச்சை எடுத்தாலே, திருச்சியையும் சென்னையையும் விட்டுவிட்டு இலங்கை வானொலியின் வர்த்தக சேவையைப் பற்றித்தான் பேசத் தொடங்குகிறார்கள். அங்கே ஒலித்த பாடல்களில் பெரும்பாலானவை இன்று கரகரப்பே இல்லாமல் கைப்பேசியில் கிடைக்கின்றன. அப்படியிருக்க, அவர்கள் எதை இழந்ததாக உணர்கிறார்கள்? கடலுக்கு அப்பாலிருந்த நிலையம் உள்ளூர் நிலையத்தைவிட நெருக்கமானது எப்படி?

சிற்றலை

இரண்டாவது கேள்விக்கு விடை சொல்வது எளிது. 1952இல் இந்தியாவின் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி.கேஸ்கர் திரையிசையைத் தரக்குறைவானதாகக் கருதியவர். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கான நேரம் சுருங்கியது. படத்தின் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும் என்று பாடகரின் பெயரை மட்டும் அறிவித்ததால், தயாரிப்பாளர்களோடும் பிணக்கு மூண்டது. கொழும்பிலோ 1950இலேயே வர்த்தக சேவை தொடங்கியிருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேசநாட்டுப் படைகள் கொழும்பை அடுத்த ஏகலையில் அமைத்த ஆற்றல்மிக்க சிற்றலை ஒலிபரப்பியும் அவர்கள் கையில் இருந்தது. 1957இல் அகில இந்திய வானொலியின் பொழுதுபோக்குச் சேவையான விவித பாரதி பிறந்ததற்கு இந்தப் போட்டி முக்கியமான காரணம். ஆனால் அதற்குள் நேயர்களின் காது கொழும்புப் பக்கம் திரும்பிவிட்டது.

அஞ்சலட்டை

மேலே சொன்னதில் ஒரு சிறு செய்தியைப் பிடித்துக்கொண்டால் முதல் கேள்விக்கும் வழி கிடைக்கும். இங்கே மறைக்கப்பட்ட படப் பெயரை அங்கே முழுமையாகச் சொன்னார்கள். படம், இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடியவர்கள் என்று எல்லாவற்றையும் அறிவித்துவிட்டு, பாட்டின் முன்னிசை முடிந்து குரல் எழும் இடத்தில் தம் பேச்சை நிறுத்தும் நேர்த்தி அந்த அறிவிப்பாளர்களுக்குக் கைவந்திருந்தது. மூத்த அறிவிப்பாளர் மயில்வாகனன் போட்ட பாதையில், கே.எஸ்.ராஜாவின் மடைதிறந்த வேகம், பி.எச்.அப்துல் ஹமீதின் பிசிறற்ற உச்சரிப்பு, ராஜேஸ்வரி சண்முகத்தின் கனிவு என ஒவ்வொருவரும் தனித்தன்மையோடு வளர்ந்தார்கள். அப்துல் ஹமீத் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ பின்னாளில் தமிழகத் தொலைக்காட்சிக்கும் வந்தது. ஆயினும் முகம் தெரியாத குரலுக்கு இருந்த கவர்ச்சி அதற்கு இல்லை என்பது என் எண்ணம்.

பாடல் கைப்பேசியில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் காத்திருந்ததும், நேயர் விருப்ப நிகழ்ச்சியான ‘நீங்கள் கேட்டவை’க்கு அஞ்சலட்டை எழுதிவிட்டுத் தம் பெயர் வாசிக்கப்படுமா என்று வாரக்கணக்கில் வானொலிப் பெட்டியை விட்டு நகராமல் இருந்ததும், அதே பாடலை அதே நொடியில் ஊரே கேட்கிறது என்ற உணர்வும் எந்தக் கோப்பிலும் பதிவாகவில்லை. சிற்றலையில் ஒலி தேய்ந்து தேய்ந்து மீண்டும் எழும்போது, விட்டுப்போன வரியை மனத்தில் நாமே பாடிக்கொள்வோம். அப்படிக் கேட்ட பாட்டு எளிதில் மறக்காது.

வடமராட்சியான்

அன்பர்களே, தமிழகத்து நேயர்களின் நினைவில் திரைப்பாடல் மட்டும்தான் எஞ்சியிருக்கிறது என்பது எனக்குச் சற்று வருத்தம் தருகிறது. எங்களுக்கு அது நாடகமும் கூட. ‘சானா’ சண்முகநாதன் வளர்த்த வானொலி நாடக மரபில் எங்கள் பேச்சுத்தமிழ் முதன்முறையாகக் கூச்சமின்றி ஒலித்தது. சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ ஒலித்த வேளையில் வீட்டு வேலைகள் நின்றுபோகும். ‘கோமாளிகளின் கும்மாளம்’ பெற்ற வரவேற்பு 1976இல் ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாகவே விளைந்தது.

அந்தக் காலம் தானாக முடிந்ததென்றும் எவரும் எண்ண வேண்டாம். 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு கலைஞர்களும் நேயர்களும் ஒருசேரப் புலம்பெயர்ந்தார்கள். தபாலட்டை எழுதியவர்களின் முகவரிகளே மாறிப்போயின. கே.எஸ்.ராஜா 1994இல் கொழும்பில் கொல்லப்பட்டார். எங்கள் ஏக்கத்தில் இவையும் கலந்திருக்கின்றன.

புதுநேயர்

மிக்க நன்றி. நாடகங்களைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. அந்த அறிவிப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்க வழி உண்டா?

அஞ்சலட்டை

அறிவிப்புகள் பெரும்பாலும் நேரலையாகச் சென்றவை என்பதால், எஞ்சியவற்றில் பல, நேயர்கள் தம் ஒலிநாடாக்களில் பதிந்து வைத்தவைதான். இணையத்தில் அறிவிப்பாளர்களின் பெயரைக் கொண்டு தேடுங்கள். நிகழ்ச்சியின் பெயரைக் கொண்டு தேடினால் வெறும் பாடல் தொகுப்புகளே அதிகம் வரும்.

வடமராட்சியான்

நாடகங்களுக்கு ஒலிநாடாவை மட்டும் நம்ப வேண்டாம். நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பழைய நூல்களும் இதழ்களும் ஏராளமாக உள்ளன. வானொலி நாடகம் குறித்த கட்டுரைகளை அங்கே தேடிப் பாருங்கள்.