கிண்டி சிறுவர் பூங்கா: தேசியப் பூங்காவுக்கு முந்தையதா, பிந்தையதா?

கேள்வி (வேளச்சேரிவாசி):
அனைவருக்கும் வணக்கம். என் மகள் பள்ளிக்காகக் கிண்டி சிறுவர் பூங்காவைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறாள். தேசியப் பூங்காவின் ஒரு மூலையைப் பிற்காலத்தில் வேலியிட்டுப் பிரித்ததே சிறுவர் பூங்கா என்று நான் நினைத்திருந்தேன். என் மாமனாரோ, தேசியப் பூங்கா என்ற பேச்சே எழாத காலத்தில் அங்கே மான் பார்க்கப் போனதாகச் சொல்கிறார். எது முந்தையது? நிலம் யாருடையதாக இருந்தது?

மறுமொழி 1 (பழைய மாம்பலம்):
உங்கள் மாமனார் சொல்வதே சரி. சிறுவர் பூங்காவுக்கான நிலம் வனத்துறைக்குக் கைமாறியது 1958இல். தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டதோ 1978இல்தான். அதற்கு முன்பு அது ஆளுநர் மாளிகையைச் சேர்ந்த காடு. அந்த நிலத்தை 1821இல் 35,000 ரூபாய்க்கு அரசு வாங்கியது. வெள்ளைக்காரர்களின் வேட்டைக்காடாகவும் இருந்த அந்த இடம், சுமார் 505 ஹெக்டேர் பரப்புடன், 1910இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 1958இல் ஒரு பெரும்பகுதி ஐ.ஐ.டி.க்காக மத்தியக் கல்வி அமைச்சகத்துக்குச் சென்றது. அதே ஆண்டில்தான், நேருவின் விருப்பத்தையொட்டி, மான் பூங்காவுக்கும் சிறுவர் பூங்காவுக்கும் இன்னொரு பகுதி ஒதுக்கப்பட்டது.

மறுமொழி 2 (தரமணி):
மேலே உள்ள விடையோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். காடு சுருங்கியதற்குச் சிறுவர் பூங்காவையும் ஒரு காரணமாகச் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அதன் பரப்பு ஏறத்தாழ 22 ஏக்கர், அதாவது ஒன்பது ஹெக்டேர்தான். கல்வி நிறுவனங்களுக்கும் நினைவிடங்களுக்குமாக 1961 முதல் 1977 வரையில் மட்டும் 170 ஹெக்டேருக்கு மேல் பிரித்துக் கொடுக்கப்பட்டது. இன்று தேசியப் பூங்காவாக மிஞ்சியிருப்பது சுமார் 270 ஹெக்டேர். புல்வெளியை நம்பி வாழும் வெளிமான்களுக்குத்தான் இந்தச் சுருக்கம் பெரிய அடி. புள்ளிமான்கள் எப்படியோ சமாளித்துக்கொள்கின்றன.

வேளச்சேரிவாசி:
மிக்க நன்றி. மூர் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சிசாலையைத்தான் பிறகு கிண்டிக்கு மாற்றினார்கள் என்றும் ஒருவர் சொன்னார். பாம்புப் பண்ணையும் இந்தப் பூங்காவின் பகுதிதானா?

மறுமொழி 3 (பழைய மாம்பலம்):
இரண்டுமே இல்லை. நீங்கள் சொல்லும், பார்க் டவுனில் இருந்த பழைய மிருகக்காட்சிசாலை 1985இல் வண்டலூருக்குப் போனது. கிண்டி அப்போதே கால் நூற்றாண்டைக் கடந்திருந்தது. பாம்புப் பண்ணை, பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேக்கர் சேலையூரில் தொடங்கி 1972இல் இங்கே கொண்டுவந்த தனி நிறுவனம். மதில் ஒட்டியிருந்தாலும் நிர்வாகமும் நுழைவுச்சீட்டும் வேறு. பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் வாசலில் குழம்புவது இதனால்தான். கட்டுரையில் அண்மைச் செய்தியும் வேண்டுமானால், பூங்கா புதுப்பிக்கப்பட்டு 2024இல் 'கிண்டி சிறுவர் இயற்கைப் பூங்கா' என்ற பெயரில் மீண்டும் திறக்கப்பட்டதை உங்கள் மகள் சேர்த்துக்கொள்ளலாம்.